குறிப்பேடு ஏந்தும் கரங்கள் எங்கே?



மாநாடு என்றால் நம் இளைஞர்களுக்கு உற்சாகம் பொங்கிவிடும். கொடி கட்டுவது, பந்தல் போடுவது, வாகனங்களை ஒழுங்குபடுத்துவது, வந்தவர்களுக்குத் தண்ணீர் கொடுப்பது என்று இரவு பகல் பாராமல் ஓடுவார்கள். அல்லாஹ் அவர்களுக்கு நற்கூலி வழங்குவானாக! ஆனால் மறுநாள் காலையில், "நேற்று என்ன தம்பி முடிவு செய்தார்கள்?" என்று கேட்டுப் பாருங்கள். "நல்ல கூட்டம் ஹஜ்ரத்!" என்பதுதான் பதில். யார் என்ன சொன்னார், எதை ஒப்புக்கொண்டார், எதை மறுத்தார் என்று எழுதி வைத்தவர் ஒருவரும் இருக்க மாட்டார்.

இந்தக் குறை எவ்வளவு பெரியது என்பதை உணர, கொஞ்சம் தொலைவில் உள்ள ஓர் ஊருக்குப் போய் வருவோம்.

கனடாவின் எட்மன்டன் நகரம். 1938-ல் அந்நாட்டின் முதல் பள்ளிவாசல் எழுந்த ஊர். எண்ணெய் வளத்தால் செழித்த ஆல்பர்ட்டா மாகாணத்தின் தலைநகர். அங்கே 2018 மார்ச் 5 முதல் 7 வரை, நகரங்களும் பருவநிலை மாற்றமும் என்ற பொருளில் ஓர் அறிவியல் மாநாடு கூடியது. ஐ.நா.வின் பருவநிலை அறிவியல் குழுவான ஐ.பி.சி.சி.யும் அதற்குத் துணை நின்றது. விஞ்ஞானிகளும் மேயர்களும் நகரத் திட்ட அதிகாரிகளும் ஒரே கூரையின் கீழ் அமர்ந்து பேசினார்கள்.

பேசியது காற்றோடு போகவில்லை. அமர்வுகளில் வந்த கருத்துகளைத் திரட்டி, நகரங்களைப் பற்றி இனி எவையெல்லாம் ஆராயப்பட வேண்டும் என்று ஓர் ஆவணமே உருவாக்கினார்கள். இத்தகைய மாநாடுகளில் அமர்வுதோறும் ஓர் ஓரமாக உட்கார்ந்து குறிப்பெடுப்பவர்களில், தொண்டர்களாக வந்த மாணவர்களும் இளம் ஆய்வாளர்களும் உண்டு. மேடையில் அவர்களுக்கு நாற்காலி கிடையாது. மாலை மரியாதை கிடையாது. ஆனால் பேச்சாளர் விமானம் ஏறிப் போன பிறகும் நிலைத்து நிற்பது அவர்கள் எழுதிய எழுத்துதான்!

எழுதப்படாதது எண்ணப்படாது

இதில் நாம் கவனிக்க வேண்டிய ஒரு நுட்பம் இருக்கிறது. ஐ.பி.சி.சி. சொந்தமாக ஆய்வு எதுவும் செய்வதில்லை. உலகெங்கும் எழுதி வெளியிடப்பட்டவற்றைப் படித்து, எடைபோட்டு, அறிக்கை தருகிறது. நகரங்களுக்கென்றே ஒரு சிறப்பு அறிக்கை தயாரிக்க 2016-ல் முடிவெடுத்தது. 2027-ல் அதை வெளியிடுவது என்பது திட்டம். அரசுகள் அதைப் படிக்கும். திட்டங்கள் அதன்படி வகுக்கப்படும். எழுதப்படாத ஊரின் துயரம் அதில் எப்படி இடம்பெறும்?

2020-ல் உலகின் பசுங்குடில் வாயுக்களில் 67 முதல் 72 சதவீதம் வரை நகரங்களின் நுகர்வோடு தொடர்புடையவை என்கிறது அதே குழு. கேடு பெருமளவு நகரத்தில் பிறக்கிறது. அதன் அடியும் நகரத்தின் மீதே விழுகிறது. அந்த அடியை முதலில் வாங்குபவர்கள் ஆற்றோரக் குடிசைவாசிகளும் தாழ்வான தெருக்களில் கடை வைத்திருப்பவர்களும்தான். அவர்கள் ஐ.பி.சி.சி.க்குக் கட்டுரை எழுதப் போவதில்லை. அவர்களுக்காக எழுதுபவர் யார்?

"நம்மால் என்ன ஆகும்?" என்று கேட்காதீர்கள். 1992-ல் ரியோ பூமி உச்சிமாநாட்டுக்கு முந்தைய ஆயத்தக் கூட்டம் நியூயார்க்கில் நடந்தபோது, தொண்டு அமைப்புகளைச் சார்ந்த மூன்றே பேர் அன்றாடப் பேச்சுவார்த்தைகளைச் சுருக்கி எழுதி விநியோகிக்கத் தொடங்கினார்கள். நாளடைவில் அரசுப் பிரதிநிதிகளே தேடிப் படிக்கும் ஏடாயிற்று அது. பதவி இருந்ததாலா? இல்லை. நேர்மையாக, பக்கம் சாயாமல், உடனுக்குடன் எழுதியதால்!

நம் வீட்டுக் கதை

2015 டிசம்பர் சென்னை வெள்ளத்தை நாம் மறக்க முடியுமா? தாம்பரத்தில் ஒரே நாளில் 49 செ.மீ. மழை. அந்த எண் இன்றும் நம்மிடம் இருப்பது ஏன்? ஒருவர் அளந்தார், எழுதினார். நம் இளைஞர்கள் கழுத்தளவு நீரில் இறங்கி, சாதி மதம் பாராமல் மக்களைத் தூக்கி வந்தார்கள். பல மாதங்கள் கழித்து ஒரு கலந்தாய்வுக் கூட்டத்தில் என்னிடம் கேட்டார்கள்: "உங்கள் பகுதியில் எந்தத் தெருவில் எத்தனை அடி நீர்? எத்தனை நாளில் வடிந்தது? எத்தனை கடைகள் மூடிக் கிடந்தன?" நான் தலைகுனிந்து நின்றேன். எங்களிடம் இருந்தவை உணவுப் பொட்டலம் கொடுக்கும் புகைப்படங்கள் மட்டுமே! எங்களைப் படம் எடுத்தோம், வெள்ளத்தை அளக்கவில்லை.

வணிகப் பெருமக்களே! நீங்கள் பத்து ரூபாய்க் கடனையும் பேரேட்டில் ஏற்றுபவர்கள். கடன் கொடுக்கல் வாங்கலை எழுதி வைக்கச் சொல்லும் வசனம்தான் திருக்குர்ஆனிலேயே மிக நீண்ட வசனம் என்பதை அறிவீர்கள். வெள்ளத்தில் நனைந்து போன சரக்கும் கணக்குதானே? கடை மூடிய நாட்களும் கணக்குதானே? அதற்கு ஏன் ஒரு பக்கம் ஒதுக்கவில்லை?

இனி செய்ய வேண்டியது

ஒவ்வொரு மஹல்லாவிலும் எழுத வல்ல இரண்டு இளைஞர்களைத் தேர்ந்தெடுங்கள். ஆணோ பெண்ணோ, யாராயினும் சரி. மாநகராட்சிக் கூட்டமாகட்டும், கல்லூரிக் கருத்தரங்காகட்டும், குறிப்பேட்டோடு அனுப்புங்கள். சொன்னவர் பெயர், நாள், இடம், எண்கள் ஆகியவற்றை முதலில் எழுதட்டும். சொன்னது வேறு, தன் கருத்து வேறு என்று கோடு போட்டுப் பிரிக்கட்டும். நமக்குப் பிடிக்காத கருத்தையும் விடாமல் எழுதட்டும், இது அமானிதம். அன்றிரவே எளிய தமிழில் நாலு பேருக்குப் படித்துக் காட்டட்டும். மழைக்காலத்தில் நீர் ஏறிய உயரத்தைச் சுவரில் சாயத்தால் குறித்து, நாளையும் நேரத்தையும் பதிவு செய்யட்டும். வணிகர்களே, இதற்கு ஆகும் செலவு ஒரு நோட்டும் பேனாவும்தான். அதை நீங்கள் வாங்கிக் கொடுங்கள்!

நாற்காலி சுமக்கும் கரங்கள் நம்மிடம் ஏராளம். எழுதும் கரங்கள்தான் குறைவு. அடுத்த வெள்ளம் வருமுன் அந்தக் குறை தீருமா? இளைஞர்களே, பதில் உங்கள் கையில்!