அண்ணாமலையார் வில்லங்கம் பார்த்துத் தரமாட்டார்

"மண்ணில் போட்ட காசு வீண்போகாது" என்று யாராவது சொன்னால் இப்போதெல்லாம் எனக்குக் கோபம் வருகிறது. சொல்பவர்களில் பாதிப் பேர் மண் விற்பவர்கள். மீதிப் பேர் வாங்கிவிட்டு மனசைத் தேற்றிக்கொள்பவர்கள்.

போன வாரம் மைத்துனர் மகன் போன் செய்தான்.

"மாமா, திருவண்ணாமலையில ஒரு மனை பார்த்திருக்கேன். அவலூர்பேட்டை ரோடு. கிரிவலப் பாதைக்குப் பத்தே நிமிஷம்."

"எதுலடா பத்து நிமிஷம், ஹெலிகாப்டர்லயா?" என்றேன். சிரித்தான். எனக்குச் சிரிப்பு வரவில்லை.

முன்பணம் 2 லட்சம், பிறகு மாதம் 12,000 வீதம் 60 தவணை. மொத்தம் 9,20,000. அவன் சம்பளம் 32,000. வீட்டு வாடகை 9,000 போக, தவணையும் போக, இரண்டு பிள்ளைகளை வைத்துக்கொண்டு 11,000 ரூபாயில் ஐந்து வருஷம் ஓட்ட வேண்டும். இதற்குப் பெயர் முதலீடாம். அந்த மனை ஐந்து வருஷமும் ஒரு ரூபாய் வாடகை தராது. கடைசித் தவணை கட்டும்வரை பத்திரமும் கிடையாது. கையில் இருப்பது ரசீது மட்டும்தான். நடுவில் அந்த ஆள் நிலத்தை அடமானம் வைத்தால் ரசீதை வைத்துக்கொண்டு என்ன செய்வது?

நான் இதில் அடிபட்டவன். 1994-ல் இதே ஊரில், வேட்டவலம் சாலையில், மாதம் 300 ரூபாய் வீதம் 60 மாதம் கட்டி ஒரு மனை வாங்கினேன். பதினெட்டாயிரம். அப்போது அது எனக்குப் பெரிய பணம். "பஞ்சாயத்து அப்ரூவல் இருக்கு சார்" என்றார்கள். தலைவர் முத்திரை குத்திய வரைபடத்தைக் காட்டினார்கள். மனைப்பிரிவுக்கு அனுமதி தரும் அதிகாரம் பஞ்சாயத்துத் தலைவருக்கே கிடையாது, அதற்கு நகர் ஊரமைப்புத் துறை என்று ஒன்று இருக்கிறது என்பது எனக்குத் தெரியாது. கேட்கவும் தோன்றவில்லை. வரைபடத்தின் மேலே அண்ணாமலையார் படம் இருந்தது. அது போதுமாக இருந்தது.

விலை ஏறவில்லையா? ஏறியது. அதை மறைக்க மாட்டேன். 2016-ல் நாலரை லட்சத்துக்குக் கேட்டார்கள். மகள் கல்யாணம் தை மாதம், பணத்துக்கு இந்த மனை என்று நிம்மதியாக இருந்தேன். செப்டம்பர் 9-ந்தேதி அனுமதியில்லாத மனைகளைப் பதிவு செய்யக்கூடாது என்று சென்னை உயர் நீதிமன்றம் தடை போட்டுவிட்டது. வாங்க வந்தவர் அட்வான்ஸைத் திருப்பிக் கேட்டார். கல்யாணத்தைத் தள்ளிப்போட முடியுமா? இரண்டு வட்டிக்கு மூன்று லட்சம் வாங்கினேன். மாதம் 6,000 வட்டி, பதினெட்டு மாதம். வட்டி மட்டும் 1,08,000.

தடை தவறு என்று சொல்லவில்லை. ஏரியையும் வயலையும் கூறுபோட்டு விற்றதைத் தடுக்கத்தான் அது வந்தது. 2017 மே மாதம் வரன்முறை விதிகள் வந்தன. அலைந்து, கட்டணம் கட்டி, 2018-ல் நாலு லட்சத்துக்குத் தள்ளிவிட்டேன். என்னோடு தவணை கட்டிய இரண்டு பேருக்கு அதுவும் இல்லை. அவர்கள் மனை வேறொரு பவர் பத்திரத்தில் இன்னொருவருக்குப் போயிருந்தது.

"பௌர்ணமிக்கு ரூம் கட்டி வாடகைக்கு விடலாம் மாமா" என்கிறான். வருஷத்துக்குப் பன்னிரண்டு, மிஞ்சினால் பதின்மூன்று பௌர்ணமி. கார்த்திகை தீபத்தையும் சேர்த்துக்கொள்ளுங்கள். இப்போது ஆந்திரா, தெலங்கானாவிலிருந்து சனி ஞாயிறுகளிலும் கூட்டம் வருவது உண்மைதான். ஆனால் அந்தக் கூட்டம் கோயில் பக்கத்தில் அறை தேடும். ஊருக்கு வெளியே முள்ளுக்காட்டில் தேடாது.

மனை பார்க்க எல்லோரும் நல்ல வெயிலில் போகிறார்கள். மழையில் போக வேண்டும். 2024 டிசம்பர் 1-ந்தேதி ஃபெஞ்சல் புயல் மழையில் மலையடிவாரத்து வ.உ.சி. நகரில் மண் சரிந்து ஏழு பேர் இறந்தார்கள், அதில் ஐந்து பேர் குழந்தைகள். அதற்குப் பிறகும் 'மலை தெரியும் மனை' என்றுதான் விளம்பரம் வருகிறது.

சொத்தே வாங்காதே என்று அவனிடம் சொல்லவில்லை. அந்த 12,000-ஐ வங்கியில் ஆர்.டி. போடு. முன்பணம் சேர்ந்ததும் நீ இருக்கிற ஊரிலேயே வாடகை வருகிற பழைய சின்ன வீடு ஒன்றைப் பார். வங்கிக் கடன் எடு, வங்கி வக்கீலும் ஒருமுறை பத்திரத்தைப் படிப்பார். பத்திரச் செலவு ஒன்பது சதவீதத்தை மறக்காதே. பத்து லட்சத்துக்குள் என்றால் மனைவி பேரில் வாங்கு, 2025 ஏப்ரலிலிருந்து பதிவுக் கட்டணத்தில் ஒரு சதவீதம் குறைவு. வில்லங்கத்தை இணையத்திலேயே பார்க்கலாம், ஆனால் அதில் பதிவான பத்திரம்தான் தெரியும், பதியாத ஒப்பந்தம் தெரியாது. அதனால் மூலப்பத்திரம், பட்டா எல்லாம் கேள்.

"இவ்வளவு சந்தேகப்பட்டா யாரும் எதுவும் வாங்க முடியாது மாமா" என்றான்.

விளம்பரத்தை வாட்ஸ்அப்பில் அனுப்பச் சொன்னேன். வந்தது. ராஜகோபுரம், தீபம், சிரிக்கும் குடும்பம் எல்லாம் இருந்தன. கண்ணாடியைப் போட்டுக்கொண்டு இரண்டு தடவை தேடினேன், ரெரா பதிவு எண் மட்டும் இல்லை. "கேட்டுச் சொல்லு" என்று பதில் போட்டேன். ஆறு நாளாகிறது. இன்னும் கேட்டுக்கொண்டிருக்கிறான்.