வ.உ.சி. பெயர் தாங்கிய துறைமுகமும் எட்டயபுரத்துத் தறியும்

தூத்துக்குடி மாவட்ட ஆட்சியர் அவர்களுக்கு,



1906-இல் வ.உ.சி. சுதேசிக் கப்பல் கம்பெனி தொடங்கியதை நாடறியும். இதே தூத்துக்குடியில் அவர் தரும சங்க நெசவுசாலை நிறுவியதைப் பலர் அறியார். நெய்வது, விற்பது, கப்பலேற்றுவது மூன்றிலும் நம்மவர் கால் ஊன்ற வேண்டும் என்று உழைத்தவர் அவர். இன்று நெசவாளர் கையில் எஞ்சியிருப்பது முதலாவது மட்டுமே.

தொழில்நுட்பத்தால் தொழிலை வளர்க்கும் கனவும் இந்த மண்ணுக்குப் புதிதல்ல. பாரதியின் தந்தை சின்னசாமி ஐயர் எட்டயபுரத்தில் பஞ்சாலை தொடங்கி, போட்ட முதலை இழந்து, 1898-இல் காலமானார். இயந்திரம் மட்டுமே தொழிலைக் காப்பாற்றிவிடாது என்பதற்கு வேறு சான்று தேவையில்லை.

இன்று எட்டயபுரத்து நெசவாளர் வீட்டுப் பிள்ளைகள் சேலையைச் செல்போனில் படமெடுத்து வாட்ஸ்அப்பில் அனுப்பிவிடுவார்கள். ஆனால் இணையச் சந்தை வழியே வெளிமாநிலத்துக்கு விற்க வேண்டுமானால் ஜிஎஸ்டி பதிவு, கணக்குத் தாக்கல், திரும்பி வரும் சேலைக்கான செலவு என அத்தனையும் தறியில் உட்காருபவர் தலையிலேயே விழுகின்றன. பாவு ஓட்டி, ஊடை நூல் சுற்றி, நாள் முழுக்க மிதிப்பவருக்கு இதற்கெல்லாம் நேரம் ஏது? கூலிக்கு நெய்துவிட்டு விலையைப் பிறர் சொல்லக் கேட்டுக்கொள்கிறார். போதாக்குறைக்கு, விசைத்தறித் துணியும் கைத்தறி என்ற பெயரில் அதே சந்தையில் விற்கிறது.

தங்களிடம் கேட்பவை மூன்று.

எட்டயபுரத்தில் ஒரு பொதுச் சேவை மையம் வேண்டும். படமெடுத்தல், கணக்கு, வரி, பொதி கட்டுதல் ஆகியவற்றை நெசவாளர் வீட்டுப் பெண்களே அங்கு சம்பளத்துக்குச் செய்யட்டும்.

2006 முதல் நடைமுறையில் உள்ள கைத்தறி முத்திரையோடு க்யூஆர் குறியீடும் ஒவ்வொரு சேலையிலும் இருக்கட்டும். எந்தச் சங்கத்தின் எந்தத் தறியில் நெய்தது என்பதை வாங்குபவர் அறியட்டும்.

வெளிநாட்டுக்குப் போகும் சிறு பொதிகளை அஞ்சலக ஏற்றுமதி மையம் ஏற்கும். அந்த வழியை நெசவாளருக்குக் கைப்பிடித்துக் காட்டுங்கள். பல சங்கங்களின் சரக்கு ஒன்றுசேரும்போது, வ.உ.சி. பெயர் தாங்கிய துறைமுகத்தில் அது கப்பலேறட்டும்.

பயிற்சி முகாம்களையும் சான்றிதழ்களையும் எண்ணிக் காட்டுவது வெற்றியல்ல. தன் சேலைக்குத் தானே விலை சொன்ன நெசவாளர் எத்தனை பேர் என்பதே கணக்கு.

வரும் ஆகஸ்ட் 7, தேசியக் கைத்தறி நாளன்று அந்த மையத்தின் கதவைத் தாங்கள் திறந்துவைக்க வேண்டும்.

இப்படிக்கு,
இம்மாவட்டத்துக் குடிமகன் ஒருவன்