குறிப்பேட்டுக் கல்வி

விரிவுரையாளர் சொல்ல மாணவர் எழுதுவதும், எழுதியதைப் பரீட்சை மண்டபத்திலே கொட்டிவிட்டு மறப்பதும் பல்கலைக்கழகக் கல்வியாகுமா? ஆகாதென்பதே எமது முடிபு.

1960களில் பேராதனையிலே பேராசிரியர் சு. வித்தியானந்தன் நாட்டுக்கூத்தைப் பற்றிக் குறிப்புச் சொல்வதோடு அமையவில்லை. மட்டக்களப்புக் கூத்து மரபிலே மாணவரைப் பழக்கி மேடையில் ஆடவைத்தார். 1962இல் ‘கர்ணன் போர்’ அரங்கேறியது. பின்னர் ‘இராவணேசன்’ வந்தது. தாளத்தைக் காலாற் கற்றவன் அதனை மறப்பதில்லை. அதனைக் காத்துவந்த கிராமத்து மக்களை இகழ்வதுமில்லை.

“பாடத்திட்டத்தை முடிக்கவே நேரமில்லை” என்போரைக் கேட்கிறோம்: எவருக்காக முடிக்கிறீர்கள்? இலவசக் கல்வியின் சுமையைத் தாங்குவோர் வயலிலும் தோட்டத்திலும் உழைக்கும் மக்களல்லவா? அவர்தம் வாழ்வைத் தீண்டாத பட்டம் வெறுங் காகிதமே. ஆசிரியர்களே, மாணவர்களே, குறிப்பேட்டை மூடுவோம். மக்களிடம் கற்கப் புறப்படுவோம்!