வெறும் வலி மாத்திரைதானே!



"வெறும் வலி மாத்திரைதானே, டீச்சர்!" ஆசிரியர் அறையில் இச்சொல்லைக் கேட்கும்போதெல்லாம் எனக்குச் சினம் மூள்கிறது. நாள் முழுதும் நின்றே பாடம் நடத்தும் நமக்கு முழங்கால் வலி வராவிட்டால்தான் வியப்பு. வலி வந்ததும் மேசை இழுப்பறை திறக்கிறது. ஊரிலிருந்து வந்த மாத்திரை அட்டை கைமாறுகிறது. மாணவன் ஒற்றுப்பிழை விட்டால் சிவப்பு மையால் வட்டமிடும் நாம், அட்டையின் பின்புறத்தில் அச்சிட்டிருப்பதைப் படிப்பதே இல்லை!

என் தாயாரும் இப்படித்தான். எழுபதைக் கடந்தவர், இரத்த அழுத்தத்திற்கு மருந்து உண்பவர். தமிழகத்திலிருந்து வந்த உறவினர் கொடுத்த டைக்ளோஃபெனாக் மாத்திரைகளை இரண்டு மாதம் எவரிடமும் சொல்லாமல் உட்கொண்டார். வலி குறைந்தது உண்மை. தேக்கா சந்தைக்குத் தாமே நடந்து சென்று மீன் வாங்கி வந்தார், நாங்களும் மகிழ்ந்தோம். ஒரு நாள் மலம் கறுத்துப்போய், தலைசுற்றி விழுந்தார். இரைப்பையில் புண், இரத்தக் கசிவு. "வேறு மருந்து ஏதேனும் சாப்பிட்டீர்களா?" என்று மருத்துவர் கேட்டார். "இல்லை" என்றார் அம்மா. அவர் பொய் சொல்லவில்லை. வலி மாத்திரையை அவர் மருந்தாகவே கருதியதில்லை.

இம்மாத்திரைகள் வேலை செய்யும் விதத்தை 1971இல் ஜான் வேன் என்னும் ஆய்வாளர் விளக்கினார். 1982இல் நோபல் பரிசும் பெற்றார். வலியையும் வீக்கத்தையும் தூண்டும் புரோஸ்டாகிளாண்டின் என்ற பொருள் உடலில் உருவாவதை இவை தடுக்கின்றன. ஆனால் இரைப்பையின் உட்சுவரைக் காப்பதும், சிறுநீரகத்திற்கு இரத்தம் குறையாமல் பார்த்துக்கொள்வதும் அதே பொருள்தான். ஆகவே பயனும் கேடும் ஒரே வேரிலிருந்து முளைக்கின்றன. சிறுநீர் பிரியச் செய்யும் மாத்திரையும் சிலவகை இரத்த அழுத்த மாத்திரைகளும் உண்பவர் இதையும் சேர்த்துக்கொண்டால் சிறுநீரகம் திடீரெனச் செயலிழக்கக்கூடும். நீரிழிவு மிகுந்த நம் சமூகத்தில் இது சிறிய செய்தியா?

இதயத்தையும் மறந்துவிடக் கூடாது. இரைப்பைக்குத் தீங்கு குறைவு என்று 1999இல் சந்தைக்கு வந்த வயாக்ஸ், நெடுநாள் உட்கொண்டோரிடம் மாரடைப்பும் பக்கவாதமும் மிகுந்ததால் 2004 செப்டம்பரில் உலகெங்கும் திரும்பப் பெறப்பட்டது.

ஊர் மாத்திரை என்றால் உயர்வு என்போருக்கு ஒரு செய்தி. நிமெசுலைடு என்ற வலி மாத்திரையின் விற்பனையைக் கல்லீரல் பாதிப்பின் காரணமாகச் சிங்கப்பூர் 2007இல் நிறுத்தியது. இந்தியாவோ 2011இல் 12 வயதுக்குட்பட்ட குழந்தைகளுக்கு மட்டுமே அதைத் தடைசெய்தது. இங்கே நிறுத்தியதை அங்கே வாங்கிப் பெட்டியில் அடுக்கி வருவதா பாசம்?

உடனே, "ஆங்கில மருந்தே நஞ்சு" என்று கிளம்புவோரும் உளர். அவர்களோடும் எனக்கு உடன்பாடில்லை. கீல்வாதத்தில் வீங்கிய விரலால் சுண்ணக்கட்டி பிடித்தவருக்குத் தெரியும், இம்மாத்திரை தரும் ஆறுதல். குறைந்த அளவில், குறைந்த நாள்களுக்கு, இரைப்பைக்குக் காப்பு மருந்துடன் மருத்துவர் தரலாம். முழங்கால் தேய்மானத்திற்கு மேலே பூசும் களிம்பே பலருக்குப் போதும். முடக்குவாதமாயின் வலியை மட்டும் அடக்கிக்கொண்டிருந்தால் மூட்டு உள்ளே அரிக்கப்படும். அதற்கு வேறு மருந்து வேண்டும்.

நஞ்சு என்று அஞ்சி அவர்கள் ஓடுவது எங்கே? 'முற்றிலும் மூலிகை' என்ற மூட்டுவலி உருண்டைகளிடம்! அத்தகைய பொருள்களில் டெக்ஸாமெத்தசோன் என்ற ஸ்டீராய்டும் வலி மாத்திரைகளும் ஒளித்துக் கலக்கப்பட்டிருந்ததைச் சுகாதார அறிவியல் ஆணையம் பலமுறை கண்டுபிடித்து எச்சரித்துள்ளது. முகம் உப்பும், திடீரென நிறுத்தினால் உயிருக்கே ஆபத்து.

பெற்றோருக்கு ஒன்று. பிள்ளைக்குக் காய்ச்சல், உடம்புவலி என்றதும் வீட்டிலுள்ள ஐபுபுரோஃபெனைக் கொடுத்துப் பள்ளிக்கு அனுப்பாதீர்கள். டெங்கி நடமாடும் நகரம் இது. டெங்கியாக இருந்தால் இரத்தக் கசிவுக்கு அது வழிவகுக்கும். டெங்கி இல்லை என்று தெரியும்வரை வயதுக்கும் எடைக்கும் ஏற்ற அளவில் பாராசிட்டமால் மட்டுமே.

அம்மாவின் கைப்பையில் இப்போது ஒரு தாள் இருக்கிறது. களிம்பு உட்பட அனைத்து மருந்துகளின் பெயரும் அதில் என் கையெழுத்தில் உள்ளன. பலதுறை மருந்தகத்தில் அதையே நீட்டுகிறார். அடுத்த மாதம் ஊருக்குப் போகும் உறவினரிடம், முறுக்கு மட்டும் கொண்டுவந்தால் போதும் என்று சொல்லியிருக்கிறேன்.