மேகசின் வெறும் தகரப் பெட்டியா?

கைத்துப்பாக்கிகளைப் பற்றி எழுதுகிறவர்கள், பேசுகிறவர்கள் பலரிடம் ஒரு கருத்து ஊறிப்போயிருக்கிறது. பொறியியல் முழுவதும் துப்பாக்கியில்தான் இருக்கிறது. மேகசின் என்பது ஒரு தகரப் பெட்டி, உள்ளே ஒரு ஸ்பிரிங், அவ்வளவுதான். கைப்பிடிக்குள் செருகும் மேகசினை ஹூகோ போர்ஷார்ட் 1893இலேயே செய்துவிட்டார். பிறகு நடந்ததெல்லாம் கூடுதலாகச் சில தோட்டாக்களைத் திணித்ததே என்கிறார்கள். இதை நான் முற்றிலும் மறுக்கிறேன்.

தோட்டாவைச் சேர்த்து வைப்பது மேகசினின் சின்ன வேலை. ஒவ்வொரு தோட்டாவையும் உரிய உயரத்தில், உரிய சாய்வில் நிறுத்தி, உரிய கணத்தில் விடுவதுதான் பெரிய வேலை. சுட்டதும் துப்பாக்கியின் மேற்பகுதியான ஸ்லைடு பின்னால் போய்த் திரும்புவதற்குள் ஸ்பிரிங் அடுத்த தோட்டாவை மேலே ஏற்றியிருக்க வேண்டும். அது எப்போது விடுபடும் என்பதை, மேகசினின் வாயில் உள்நோக்கி மடிந்த இரு விளிம்புகள் தீர்மானிக்கின்றன. கோல்ட் 1911இன் பழைய மேகசினில் இந்த விளிம்புகள் முன்பக்கம் மெல்ல மெல்ல விரியும். உருண்டை முனை கொண்ட ராணுவத் தோட்டா அதில் வழுக்கிக்கொண்டு குழலுக்குள் போய்விடும். இலக்குச் சுடும் போட்டிக்காரர்கள் தட்டை முனைத் தோட்டாவைக் கொண்டுவந்தபோது அதே மேகசின் திணறியது. தோட்டாவை முன்கூட்டியே விடும் இணை விளிம்புகள் வந்தன; பிறகு இரண்டுக்கும் நடுவான கலப்பு வடிவம் வந்தது. 1980களில் பில் வில்சன் போன்ற துப்பாக்கிக் கைவினைஞர்கள் தோட்டாவைத் தாங்கும் தட்டையே பாலிமரில் மாற்றியமைத்தார்கள். இவ்வளவுக்கும் துப்பாக்கியின் அடிப்படை அமைப்பு மாறவில்லை. விளிம்பின் வளைவு மாறியதும் கோளாறு தீர்ந்தது என்றால், பொறியியல் எங்கே இருந்திருக்கிறது?

"எண்ணிக்கை கூடியது, வேறென்ன?" என்பது அடுத்த வாதம். கூடியது உண்மை. ஆனால் எண்ணிக்கை தானாகக் கூடிவிடவில்லை. தோட்டாக்களை இரண்டு வரிசையாக அடுக்கினால் இடம் மிச்சமாகும் என்பது முன்பே தெரிந்த விஷயம். அமெரிக்காவின் சாவேஜ் 1907 பிஸ்டல் சிறிய .32 தோட்டாவில் அதைச் செய்தது. வலுவான 9 மி.மீ. தோட்டாவை இரண்டு வரிசையாக அடுக்கி, மேலே ஒற்றை வரிசையாகக் குறுக்கி, ஒரு மனிதக் கை பிடிக்கும் அளவுக்குள் அடக்கியவர் பெல்ஜியத்தின் எஃப்.என். ஆலைப் பொறியாளர் தியுதொன்னே சேவ். 1920களின் தொடக்கத்தில் அந்த மேகசினைப் பழைய பிஸ்டல் ஒன்றை மாற்றியமைத்து அதில் பொருத்தித்தான் சோதித்தார். ஜான் பிரௌனிங் புதிய பிஸ்டலை வரைந்தது அதற்குப் பிறகு. பிரௌனிங் 1926இல் இறந்தார். சேவ் முடித்துக் கொடுத்த 13 தோட்டா ஹை-பவர் 1935இல் வெளிவந்தது. இங்கே மேகசின் முன்னே பிறந்தது, துப்பாக்கி அதைச் சுற்றி எழுந்தது. நம் இஷாப்பூர் ஆலை தயாரித்த 9 மி.மீ. பிஸ்டல் 1ஏ இந்த ஹை-பவரின் வழிவந்ததே.

அண்மைக் காலத்துக்கு வந்தாலும் அதே கதைதான். 2015இல் வந்த குளாக் 43இன் மேகசினில் ஆறு தோட்டாக்கள். 2018இல் ஏறக்குறைய அதே உருவத்தில் வந்த சிக் பி365இல் பத்து. ஒற்றை வரிசைக்கும் இரட்டை வரிசைக்கும் இடைப்பட்ட அகலம், மேலே எந்த இடத்தில் குறுக்குவது என்ற கணக்கு, ஸ்பிரிங் சுருங்கி ஒடுங்கும் விதம் ஆகியவற்றைத் திருத்தித்தான் அந்த நான்கு தோட்டாக்கள் கிடைத்தன.

பிளாஸ்டிக் வந்ததும் தரம் கெட்டது என்கிறவர்களுக்கு நீண்ட பதில் தேவையில்லை. குளாக்கின் தொடக்கக் கால பிளாஸ்டிக் மேகசின்களில் உள்ளிருந்த எஃகு உறை முழுதாகச் சுற்றி வரவில்லை. தோட்டா நிரம்பினால் பக்கச்சுவர் உப்பும், பொத்தானை அழுத்தினாலும் தானாக விழாது. பின்னால் எஃகு உறையை நாற்புறமும் சுற்றி வைத்ததும் அந்தக் குறை நீங்கியது.

"எவன் செய்தாலும் பெட்டி பெட்டிதான்" என்ற வாதம்தான் எனக்குக் கோபமூட்டுகிறது. ஈராக்கில் அமெரிக்கப் படையினரின் பெரெட்டா எம்9 பிஸ்டல்கள் அடைத்துக்கொண்டபோது பழி துப்பாக்கியின் மேல் விழுந்தது. குற்றவாளி, வேறொரு ஒப்பந்ததாரர் செய்து கொடுத்த மேகசின். அதன் உட்புறத்தில் சொரசொரப்பான தடித்த பாஸ்பேட் பூச்சு இருந்தது. பாலைவனத்தின் மாவு போன்ற தூசி அதில் ஒட்டிக்கொள்ள, ஸ்பிரிங்கால் தோட்டாக்களை மேலே தள்ள முடியவில்லை. வழுக்கும் பூச்சோடு வந்த பிந்தைய மேகசின்கள் மணலைத் தாங்கின. ஒரு பூச்சுதான். அதை நம்பி நின்றது ஒரு சிப்பாயின் உயிர்.

கடைசியாக ஒன்று: நிரப்பியே வைத்திருந்தால் ஸ்பிரிங் செத்துவிடும் என்ற நம்பிக்கை. தாங்கும் எல்லைக்குள் அழுத்தி வைத்த நல்ல எஃகு ஸ்பிரிங் சும்மா இருப்பதால் இழப்பது மிகக் குறைவு. திரும்பத் திரும்பச் சுருங்கி விரிவதுதான் அதைத் தேய்க்கிறது. ஏழு தோட்டாவுக்கு அளவெடுத்த இடத்தில் எட்டைத் திணிக்கும்போது ஸ்பிரிங் எல்லை மீறி நசுங்கித் தளரலாம் என்பது உண்மையே. அது நிரப்பி வைத்ததன் குற்றமல்ல, வடிவமைப்பின் குற்றம்.

நம் படைகளுக்கும் காவல்துறைக்கும் புதிய பிஸ்டல்கள் வாங்கும் அதிகாரிகளிடம் என் கோரிக்கை இது: மேகசினைத் துப்பாக்கியோடு வரும் இலவச இணைப்பாகப் பார்க்காதீர்கள். ராஜஸ்தான் மணலிலும் கடலோர உப்புக் காற்றிலும் அதைத் தனியே சோதியுங்கள். சோதனையில் தேறாத மேகசினோடு வரும் துப்பாக்கியை, அது எவ்வளவு பெயர் பெற்றதாக இருந்தாலும், திருப்பி அனுப்புங்கள்.