புகையை விரட்டுவது யார் வேலை?

கோவைப் பக்கத்துக் கிராமங்களுக்குக் கேஸ் அடுப்பு வந்துவிட்டது. 2016-ல் தொடங்கிய உஜ்வலா திட்டம் ஏழை வீடுகளுக்கும் அதைக் கொண்டு சேர்த்தது. நல்ல காரியம்தான். ஆனால், விறகு அடுப்பு ஒழிந்துவிட்டதா?

இல்லை. பொடக்காலிக்குப் போய்ப் பாருங்கள். குளிக்க வெந்நீர் காய்வது அங்கேதான். கொள்ளு வேகுவதும் அங்கேதான். சிலிண்டர் தீர்ந்த நாளில் முழுச் சமையலும் அங்கேதான். தென்னை மட்டையும் பருத்திமாரும் தோட்டத்திலேயே கிடைக்கின்றன. அப்படியிருக்க, காசு கொடுத்து வாங்கும் கேஸை ஏன் செலவழிப்பது என்று தாய்மார்கள் நினைப்பதில் தவறில்லை.

தவறு அடுப்பில் இருக்கிறது.

மூன்று கல்லைக் கூட்டி எரித்தால், நெருப்பின் சூட்டில் நூற்றுக்குச் சுமார் 10 பங்குதான் பாத்திரத்தில் ஏறும். மீதி காற்றோடு போகும். விறகு சரியாக எரியாததால் புகையும் கிளம்பும். அடுப்புப் புகையால் 2020-ல் மட்டும் உலகில் சுமார் 32 லட்சம் பேர் மாண்டதாக உலக சுகாதார நிறுவனம் கணக்கிட்டிருக்கிறது. கண் எரிச்சலோடு போகிற விஷயமா இது?

வழி இல்லாமல் இல்லை

நம் பாட்டிமார் கொடியடுப்பு வைத்தார்கள். முதல் பாத்திரத்தைத் தாண்டிவரும் சூடு, பக்கத்துக் கண்ணில் இன்னொரு பாத்திரத்தைக் காய்ச்சும். இதே முறையோடு புகைபோக்கியையும் சேர்த்து, ஹைதராபாத் பொறியியல் ஆராய்ச்சிக் கூடத்தின் எஸ்.பி.ராஜு புகையில்லா அடுப்பு அமைத்தார். 1953-ல் அதைப் பற்றிப் புத்தகமும் எழுதினார். பின்னர் கோவை வேளாண்மைப் பல்கலைக்கழகமும் ஒற்றை அடுப்பு, இரட்டை அடுப்பு என மாதிரிகளை உருவாக்கியது.

1980-களில் மத்திய அரசு திட்டம் போட்டு, நாடெங்கும் 3 கோடிக்கு மேற்பட்ட அடுப்புகளைக் கொடுத்தது. 2002-ல் திட்டம் முடிந்தது. பல அடுப்புகள் ஓரிரு ஆண்டிலேயே பாழாயின. ஏன்? கணக்குக் காட்ட அவசரமாகக் கட்டினார்கள். சமைப்பவளின் பாத்திர அளவைக் கேட்கவில்லை. புகைபோக்கியில் கரி அடைத்தது. அதைத் துடைக்க ஆளில்லை.

என்ன செய்யவேண்டும்?

புற்றுமண்ணோடு மணல், சாணம், நறுக்கிய வைக்கோல் சேர்த்துப் பிசைந்து அடுப்பு போடலாம். அடியில் இரும்புச் சல்லடை வையுங்கள். சாம்பல் கீழே விழும். காற்று மேலே ஏறும். தினம் புழங்கும் பாத்திரத்தையே வைத்துக் கண்ணின் அளவை எடுங்கள். பாத்திரம் இடைவெளியின்றி உட்கார்ந்தால் புகை கசியாது. புகைபோக்கி கூரைக்கு மேலே போகவேண்டும். நன்றாகக் காய்ந்த பிறகே நெருப்பு மூட்டுங்கள்.

புகை வெளியே போவது வேறு. விறகு மிச்சமாவது வேறு. இதை மறக்கக் கூடாது. இரண்டாவது கண்ணைச் சும்மா விடாமல் ஒரு குண்டா தண்ணீர் வையுங்கள். பச்சை விறகு, தன் ஈரத்தை உலர்த்தவே சூட்டில் ஒரு பங்கைத் தின்றுவிடும். விறகைச் சன்னமாகப் பிளந்து, உலர்த்தி எரியுங்கள். பாத்திரத்தை மூடிச் சமையுங்கள். கொள்ளை முதல் நாளே ஊறவையுங்கள்.

ஆண்களுக்கு ஒரு சொல்

அடுப்பு பெண்களின் சங்கதி என்று ஒதுங்கி நிற்பது நியாயமல்ல. சாப்பிடுவது எல்லோரும்தானே? விறகு பிளப்பதும், வாரம் ஒரு முறை புகைபோக்கியின் கரியைத் தட்டுவதும், வெடித்த இடத்தில் மண் பூசுவதும் வீட்டு ஆண்களின் வேலையாகட்டும். அடுப்பு எப்படி இருக்கவேண்டும் என்று சொல்லும் அதிகாரம், அதன் முன்னே உட்காருகிற பெண்ணுக்கே இருக்கட்டும்.

அரசாங்கம் கட்டிக் கொடுத்த அடுப்பு பாழானது. வீட்டார் கூடிக் கட்டும் அடுப்பு நிற்கும். அடுத்த ஞாயிற்றுக்கிழமையே மண்ணைக் குழைத்துவிடலாமே!