நீட் பிஜி: மாற்றுப் பிரிவை எங்கே எழுதுவது?

சுசீந்திரத்தில் இருந்து சில கிலோமீட்டரில் ஆசாரிப்பள்ளம் அரசு மருத்துவக் கல்லூரி. அங்கே எம்பிபிஎஸ் முடித்த உள்ளூர்ப் பிள்ளைக்குத் தோல் மருத்துவம்தான் ஆசை. ரேங்க் இடம் கொடுக்குமா என்பதுதான் கவலை.

அமெரிக்காவில் நேர்காணல் உண்டு. இரண்டு துறைக்கு விண்ணப்பித்தவர், இரண்டு இடத்திலும் 'இதுதான் என் விருப்பம்' என்று நம்பும்படி சொல்லியாக வேண்டும். இங்கே அந்தச் சங்கடம் இல்லை. ரேங்க், விருப்பப் பட்டியல், அவ்வளவுதான்.

ஆனாலும் பயந்துபோய், கிடைக்கிற பிரிவை முதலில் போடுகிறவர்கள் உண்டு. தேவையே இல்லை. கணினி பட்டியலை மேலிருந்து கீழாகத்தான் பார்க்கும். தோல் மருத்துவம் கிடைக்காவிட்டால்தான் பத்தாவதாக எழுதிய மயக்கவியலுக்கு வரும். கீழே ஒன்றைச் சேர்ப்பதால் மேலே உள்ளது கைநழுவாது.

ஆபத்து வேறு இடத்தில். 'சும்மா கிடக்கட்டும்' என்று சேர்த்த உடற்கூறியலே கடைசியில் கையில் வந்து விழலாம். காலியிடங்களை நிரப்ப 2023-ல் கட்-ஆஃபைப் பூஜ்ஜியம் பர்சன்டைல் வரை இறக்கிய நாடு இது. அகில இந்திய ஒதுக்கீட்டில் முதல் சுற்று என்றால் இடத்தை விட்டுவிடலாம். இரண்டாம் சுற்றில் விட்டால் வைப்புத்தொகை போச்சு. மூன்று வருஷம் படிக்க மனசில்லாத பிரிவைப் பட்டியலில் ஏற்றவே கூடாது.

மாநில ஒதுக்கீட்டுக்கு விண்ணப்பமும் பட்டியலும் தனி. அங்கேயும் இதே வரிசையைக் கவனமாக நிரப்ப வேண்டும்.